தை மாசம் வீட்டை விக்கணுமா? பெயிண்ட் டப்பாவுக்கு முன்னாடி பத்திரப் பையைத் திறங்க!



தீபாவளி முடிஞ்சா ஊரே மெதுவா பழைய வேகத்துக்குத் திரும்பும். இந்த நேரத்துல நம்ம பக்கத்து வீடுகள்ல அடிக்கடி நடக்கிற ஒரு பேச்சு இது: "தை பொறக்கட்டும், வீட்டை வித்துடலாம்." பேசுறது அப்பாவா இருக்கும். வீடும் அவர் பேர்ல இருக்கும், இல்லன்னா தாத்தா பேர்ல இருக்கும். ஆனா ஆன்லைன்ல பட்டா பார்க்கிறது, பேங்க்ல பேசுறது, ஆடிட்டரைப் பார்க்கிறது எல்லாம் சம்பளத்துக்குப் போற நம்ம தலையில தான் விழும்.

அதனால இன்னிக்குப் பாடம்: ஒரு வீட்டை விற்பனைக்கு எப்படித் தயார் பண்றது? 2025 தீபாவளி அக்டோபர் 20. 2026 தை 1-ஆம் தேதி ஜனவரி 15. நடுவுல சுமார் 12 வாரம் இருக்கு. அந்த 12 வாரத்தை எந்த வரிசையில செலவு பண்ணணும்னு பார்க்கலாம். வரிசை தப்பினா என்ன ஆகும்னு எங்க வீட்டுக் கதையையே முதல்ல சொல்லிடறேன்.

எங்க வீட்டுல நடந்தது

வேலம்பாளையம் பக்கம் எங்களுக்கு 3 சென்ட்ல ஒரு வீடு இருந்தது. கீழ ரெண்டு பெட்ரூம். மாடியில ஷீட் போட்டு, எட்டு மெஷின் வச்ச பவர் டேபிள். இடம் வாங்கி வீட்டைக் கட்டினது எங்க அப்பாரு, அதாவது அப்பாவோட அப்பா. அவர் 2015-ல உயில் எதுவும் எழுதாம இறந்துட்டார். அப்பத்தா அதுக்கும் முன்னாடியே போயிட்டாங்க.

பவர் டேபிளுக்காக அப்பா வாங்கின கடன் 12 லட்சம் நின்னுது. 14 சதவீத வட்டி. மாசம் 14,000 ரூபாய் வட்டி மட்டும். 2023 தீபாவளிக்கு, "வீட்டை வித்துக் கடனை அடைச்சுட்டு நிம்மதியா இருக்கலாம்"னு அப்பா முடிவு பண்ணினார்.

உடனே நான் என்ன பண்ணினேன் தெரியுமா? பெயிண்டரைக் கூப்பிட்டேன். உள்ளயும் வெளியயும் பெயிண்ட், ரெண்டு புது ஃபேன், கேட்டுக்குப் பாலிஷ். மொத்தம் 1,10,000 ரூபாய். வீடு பளபளன்னு ஆச்சு. தை பிறந்த ரெண்டாவது வாரத்துலயே ஒரு தம்பதி வந்தாங்க. அவர் எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசர், அவங்க டீச்சர். வீடு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. 58 லட்சத்துக்குப் பேசி முடிச்சு, ஒரு லட்சம் அட்வான்ஸும் கொடுத்துட்டாங்க.

அவங்க ஹோம் லோனுக்கு அப்ளை பண்ணினப்போ, பேங்க் வக்கீல் மூணு கேள்வியோட ஃபைலைத் திருப்பி அனுப்பிட்டார்.

1. பட்டா இன்னும் அப்பாரு பேர்லயே இருக்கே, ஏன்?
2. அவருக்கு ரெண்டு மகள்களும் இருக்காங்க. அவங்க கையெழுத்து எங்கே?
3. மாடியில இருக்கிற ஷெட் கட்டட வரைபட அனுமதியில இல்லையே?

ஒண்ணுக்கும் எங்ககிட்ட பதில் இல்ல. அவங்க தப்பு இதுல எதுவுமே கிடையாது. எங்க தப்பு தான். ஒன்றரை மாசம் பொறுத்துப் பார்த்துட்டு அட்வான்ஸைத் திரும்ப வாங்கிட்டுப் போயிட்டாங்க. நாங்க பேப்பர் எல்லாம் சரி பண்ணி முடிக்கிறதுக்குள்ள ஆடி வந்துடுச்சு. கடைசியா ஆவணியில வேற ஒருத்தருக்கு 56 லட்சத்துக்கு முடிஞ்சது.

கணக்குப் பாருங்க. ஏழு மாச வட்டி 98,000. விலையில குறைஞ்சது 2,00,000. மொத்தம் 2,98,000 ரூபாய். வாரிசு சான்றிதழ், விடுதலைப் பத்திரம், பட்டா மாற்றம் எல்லாத்துக்கும் சேர்த்து ஆன செலவு அந்தப் பெயிண்ட் செலவுல பாதிகூட இல்ல!

அதுல நான் கத்துக்கிட்ட ஒரே பாடம்: வீட்டை வாங்குறவர் கண்ணுக்கு மட்டும் தயார் பண்ணக் கூடாது. வாங்குறவரோட பேங்க் கண்ணுக்குத் தயார் பண்ணணும்.

ஏன் தை மாசம்?

ஆடியிலயும் மார்கழியிலயும் நம்ம ஊர்ல பெரும்பாலானவங்க கிரயம் பண்ண மாட்டாங்க. தை பிறந்ததும் காத்திருந்தவங்க எல்லாம் ஒரே நேரத்துல கிளம்புவாங்க. முகூர்த்த நாள்ல சார்பதிவாளர் அலுவலகத்துல கூட்டம் அதிகமா இருக்கும்னு, பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் ஒதுக்குறது வழக்கம். ஸ்கூல் மாத்தணும்னு நினைக்கிற குடும்பங்களும் தையில வீடு பார்த்தா தான் ஜூனுக்குள்ள குடி போக முடியும்.

ஆனா ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கணும். 2025 ஆகஸ்ட் 27-ல இருந்து நம்ம பின்னலாடைக்கும் சேர்த்து அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. ஆர்டர் நிலவரம் தெரியாம எக்ஸ்போர்ட் வேலையில இருக்கிறவங்க பெரிய செலவுக்கு யோசிப்பாங்க. வர்ற ஆள் குறைவா இருக்கிறப்போ, வந்த ஒரு நல்ல ஆளைப் பேப்பர் பிரச்சினையால இழக்கிறது இன்னும் பெரிய நஷ்டம்.

வாங்குறவர் பாக்கெட்டுக்குள்ள ஒரு தடவை எட்டிப் பாருங்க

உங்க வீட்டை வாங்கப் போறவர் பெரும்பாலும் உங்களை மாதிரியே மாசச் சம்பளக்காரர் தான். ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டு மதிப்பில பேங்க் கொடுக்கக்கூடிய அதிகபட்சம் இது:

- 30 லட்சம் வரை கடன்னா: 90 சதவீதம்
- 30 முதல் 75 லட்சம் வரை கடன்னா: 80 சதவீதம்
- 75 லட்சத்துக்கு மேல கடன்னா: 75 சதவீதம்

58 லட்சம் வீடுன்னா 80 சதவீதம் 46.40 லட்சம். மீதி 11.60 லட்சம் அவர் கையிலிருந்து வரணும். இதுக்கு மேல தமிழ்நாட்டில கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 9 சதவீதம், அதாவது 5.22 லட்சம். ஆக, அவர் ரெடி பண்ண வேண்டியது 16.82 லட்சம்.

இப்போ பேங்க் அனுப்புற மதிப்பீட்டாளர் வந்து, "மாடி ஷெட் அனுமதி இல்லாதது, அதைக் கணக்குல எடுக்க மாட்டேன்"னு சொல்லி வீட்டுக்கு 52 லட்சம் மட்டும் போட்டா? கடன் 41.60 லட்சமா குறையும். அவர் கைப்பணம் 16.82 லட்சத்துல இருந்து 21.62 லட்சமா ஏறும். திடீர்னு 4.80 லட்சத்துக்கு ஒரு சம்பளக்காரர் எங்க போவார்? வேற வீடு பார்க்கப் போயிடுவார்.

புதுப் பெயிண்டைப் பார்த்து மதிப்பீட்டாளர் மதிப்பை ஏத்த மாட்டார். அனுமதி, அளவு, கட்டடத்தோட வயசு, அந்தப் பகுதி விலை, இதைத் தான் பார்ப்பார். அதனால தான் பேப்பர் முதல்ல.

வாரம் 1 முதல் 5 வரை: பத்திரப் பை

சனிக்கிழமை காலையில அப்பாவோட உட்கார்ந்து பீரோவுல இருக்கிற பத்திரப் பையைத் திறங்க. ஒரு நோட்டுல இந்தப் பட்டியலை எழுதி, இருக்கா இல்லையான்னு குறிங்க.

*1. மூலப் பத்திரம், தாய்ப் பத்திரங்கள்.* ஜெராக்ஸ் போதாது, ஒரிஜினல் வேணும். தொலைஞ்சிருந்தா போலீஸ்ல புகார், பேப்பர்ல விளம்பரம், 'கண்டுபிடிக்க முடியவில்லை' சான்றிதழ்னு ஒரு நடைமுறை இருக்கு. அதுக்கு நேரம் ஆகும், அதனால முதல் வாரத்துலயே தொடங்கணும்.

*2. வில்லங்கச் சான்றிதழ்.* இதைத் தான் இசின்னு சொல்றோம். பதிவுத்துறையோட டிஎன்ரெஜிநெட் தளத்துல இலவசமாப் பார்க்கலாம். நீங்களே எடுத்து வரி வரியாப் படிங்க. பத்து வருஷம் முன்னாடி அடைச்ச கடனோட அடமானம் இன்னும் அதுல நின்னுட்டு இருக்கும்! கடனை அடைச்சா மட்டும் போதாது, அடமானம் தீர்ந்ததுக்கான ரசீது ஆவணத்தையும் பதிவு பண்ணணும். பேங்க்கும் இதை முதல்ல பார்க்கும்.

*3. பட்டா.* யார் பேர்ல இருக்கு? பத்திரத்துல இருக்கிற அளவும் பட்டாவுல இருக்கிற அளவும் ஒண்ணா? திருப்பூர் 2008-ல மாநகராட்சி ஆச்சு. 2011-ல வேலம்பாளையம், நல்லூர் எல்லாம் அதுல சேர்ந்தது. அதனால பழைய பத்திரத்துல ஊர் பேரும் கதவு எண்ணும் ஒரு மாதிரி, இப்போ வரி ரசீதுல வேற மாதிரி இருக்கலாம். சர்வே எண்ணை வச்சுப் பொருத்திப் பாருங்க. பெயர் மாற்றத்துக்கு இ-சேவை மையத்துல விண்ணப்பிக்கலாம். உட்பிரிவு பண்ண வேண்டியிருந்தா சர்வேயர் வந்து அளக்கணும், கூடுதல் வாரங்கள் ஆகும்.

*4. வாரிசுகள்.* எங்க வீட்டுல மாட்டினது இங்க தான். உயில் இல்லாம ஒரு இந்து ஆண் இறந்தா, அவர் சுயமா சம்பாதிச்ச சொத்துல மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சம பங்கு உண்டு. அவரோட அம்மா உயிரோட இருந்தா அவங்களுக்கும் ஒரு பங்கு. இது 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துலயே இருக்கு. "கட்டிக் கொடுத்துட்டோம், சீர் செஞ்சாச்சு"ங்கிற பேச்செல்லாம் சட்டத்துக்குத் தெரியாது.

பெரிய அத்தை வீட்டுக்கு நானும் அப்பாவும் போனப்போ, ரெண்டு பேருக்கும் உள்ளுக்குள்ள பயம். அவங்க காபி கொடுத்துட்டுக் கேட்டது ஒரே கேள்வி தான்: "ஏஞ் சாமி, அட்வான்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருந்தா அப்பவே வந்து கையெழுத்துப் போட்டிருப்பேனே?" அப்பாவால நிமிர்ந்து பார்க்க முடியல. அவங்களுக்கு வருத்தம் பணத்துல இல்ல. மூணாவது ஆள் ஒருத்தர் மூலமா விஷயம் காதுக்கு வந்தது தான் வருத்தம்.

அதனால விலை பேசுறதுக்கு முன்னாடியே அத்தை, சித்தப்பா, பெரியப்பா எல்லார்கிட்டயும் நேர்ல போய்ப் பேசுங்க. அவங்க பங்கு என்ன, எவ்வளவு கொடுக்கப் போறீங்க, எப்போ கொடுப்பீங்கன்னு தெளிவாச் சொல்லுங்க. ரெண்டு வழி இருக்கு. எல்லா வாரிசும் சேர்ந்து கிரயப் பத்திரத்துல கையெழுத்துப் போடலாம். இல்லன்னா விடுதலைப் பத்திரம் எழுதலாம். குடும்பத்துக்குள்ள எழுதுற விடுதலைப் பத்திரத்துக்குக் கட்டணம் குறைவு, அதுக்கு உச்சவரம்பும் உண்டு.

*5. மனை அனுமதி, கட்டட அனுமதி.* அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு பண்ண 2016 செப்டம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது ஞாபகம் இருக்கா? அதுக்கு அப்புறம் 2017-ல வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி விற்ற மனைகளுக்கு அது பொருந்தும். உங்க மனை டிடிசிபி அங்கீகாரம் உள்ளதா, இல்ல வரன்முறை செஞ்சதான்னு பார்த்து, அந்த உத்தரவு நகலைப் பையில வைங்க.

மாடி ஷெட், பின்னாடி கட்டின லைன் வீடு மாதிரி அனுமதியில இல்லாத கட்டடம் இருந்தா மறைக்காதீங்க. முதல் சந்திப்புலயே சொல்லி, அது இல்லாம விலை என்னன்னு பேசுங்க. பின்னாடி தெரிஞ்சா அவர் எல்லாத்தையும் சந்தேகப்படுவார்.

*6. வரி, இபி, தண்ணி ரசீதுகள்.* சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம் பாக்கி இல்லாம இருக்கணும். இபி சர்வீஸ் யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. பவர் டேபிளுக்குத் தனி சர்வீஸ் இருந்தா அதை வச்சுக்கிறதா, ஒப்படைக்கிறதான்னு முடிவு பண்ணுங்க.

*7. வீட்டு மேல லோன் ஓடிட்டு இருந்தா.* விக்க முடியாதுன்னு அர்த்தம் இல்ல. உங்க பேங்க்ல பாக்கித் தொகைக் கடிதமும், அவங்ககிட்ட இருக்கிற ஆவணங்களோட பட்டியலும் வாங்குங்க. வாங்குறவரோட பேங்க் அந்தப் பாக்கியை நேரா உங்க பேங்குக்குக் கட்டிடும். தனிநபர் எடுத்த மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்க அபராதம் கிடையாது. முழுசா அடைச்ச 30 நாளுக்குள்ள ஒரிஜினல் ஆவணங்களைத் திருப்பித் தரணும். பேங்க் பக்கத்துத் தாமதம்னா நாளைக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் 1-ல இருந்து இந்த ரிசர்வ் வங்கி உத்தரவு நடைமுறையில இருக்கு.

எல்லாம் சேர்ந்ததும் ஒரு வக்கீல்கிட்டக் கொடுத்து நீங்களே ஒரு சட்டக் கருத்து வாங்கிடுங்க. பல பேங்க் ஃபைல் பார்க்கிற உள்ளூர் வக்கீலா இருந்தா இன்னும் நல்லது. வாங்குறவரோட பேங்க் என்ன கேட்கும்னு முன்னாடியே தெரிஞ்சுடும்.

வாரம் 6 முதல் 9 வரை: தண்ணி, ஒழுகல், குடியிருப்பவர்

*தண்ணி.* திருப்பூர்ல வீடு பார்க்க வர்றவங்க ஹாலைப் பார்க்கிறதுக்கு முன்னாடி, "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை? போர்ல உப்பா?"ன்னு கேட்பாங்க. காரணம் எல்லாருக்கும் தெரியும். சாயக் கழிவு நொய்யலையும் நிலத்தடி நீரையும் பாழாக்கி, 2011 ஜனவரியில உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன ஊர் இது.

அதனால வாய்ப் பேச்சா, "தண்ணி நல்லா இருக்கும்ங்க"ன்னு சொல்லாதீங்க. போர் தண்ணியைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துல கொடுத்து ரிப்போர்ட் வாங்கி வைங்க. இந்தியத் தரக் குறியீட்டின்படி குடிநீர்ல கரைந்திருக்கிற உப்புகளோட அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும். வேற வழியே இல்லாத இடத்துல 2,000 வரை ஏத்துக்கலாம். உங்க எண் அதிகமா வந்தாலும் பரவாயில்ல, உள்ளதைச் சொல்லுங்க. போர் ஆழம், மோட்டார் வயசு, தொட்டி கொள்ளளவு எல்லாத்தையும் ஒரே தாள்ல எழுதி வைங்க. உண்மையை எழுத்துல கொடுக்கிறவரை வாங்குறவர் நம்புவார்.

*ஒழுகல்.* ஐப்பசி, கார்த்திகை மழை நமக்கு ஒரு இலவச இன்ஸ்பெக்டர். மழை பெய்யுறப்போ மொட்டை மாடி, பாத்ரூம் சுவர், சன்ஷேடு அடிப்பக்கம் எல்லாம் போய்ப் பாருங்க. ஓதம் ஏறின சுவர் மேல அப்படியே பெயிண்ட் அடிச்சா, வாங்குறவர் ரெண்டாவது தடவை வர்றதுக்குள்ள உப்பு பூத்துடும். முதல்ல காரணத்தைச் சரி பண்ணுங்க. வாட்டர் புரூஃபிங் செஞ்சா பில் வாங்கி வைங்க.

*குடியிருப்பவர்.* நிறைய வீடுகள்ல கீழ ஒரு போர்ஷனோ, பின்னாடி லைன் வீடோ வாடகைக்கு இருக்கும். பனியன் கம்பெனி வேலைக்கு வெளியூர்ல இருந்து, வெளி மாநிலத்துல இருந்து வந்த குடும்பங்கள். அவங்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்க. தெரியாத ஆட்கள் திடீர்னு வந்து வீட்டுக்குள்ள எட்டிப் பார்த்தா யாருக்கும் சங்கடம் தான். காலி பண்ணச் சொல்றதா இருந்தா ஒப்பந்தத்துல இருக்கிற நோட்டீஸ் காலத்தைக் கொடுங்க. அவங்க தொடர்ந்து இருக்கப் போறாங்கன்னா, அவங்க அட்வான்ஸை யார் திருப்பித் தருவாங்கன்னு கிரய ஒப்பந்தத்துல தெளிவா எழுதுங்க.

வாரம் 10 முதல் 12 வரை: இப்போ தான் பெயிண்ட்

பொங்கலுக்கு முன்னாடி வெள்ளையடிக்கிறதுக்காக ஊர்ல இருக்கிற எல்லாப் பெயிண்டரும் பிஸியா இருப்பாங்க. கார்த்திகையிலயே சொல்லி வச்சுடுங்க. செலவுக்கு ஒரு எளிய விதி: உடைஞ்சதைச் சரி பண்ணுங்க, நல்லா இருக்கிறதை மாத்தாதீங்க. ஒழுகுற குழாய், எரியாத சுவிட்ச், தாழ்ப்பாள் விழாத கதவு, உடைஞ்ச ஓடு, இதெல்லாம் சில ஆயிரத்துல முடியும். ஆனா மூணு லட்சத்துக்கு மாடுலர் கிச்சன் போட்டா, அந்த மூணு லட்சம் விலையில திரும்ப வரும்னு எந்த உத்தரவாதமும் இல்ல.

நிறம் வெளிர் நிறமா இருக்கட்டும். பழைய மெஷின், கட் பீஸ் மூட்டை, பத்து வருஷப் பேப்பர் எல்லாத்தையும் வெளியேத்துங்க. எப்படியும் காப்புக் கட்டுக்கு வீட்டைச் சுத்தம் பண்ணப் போறோம், அதை ஒரு வாரம் முன்னாடியே பண்ணிடலாம். காலை வெளிச்சத்துல, ஜன்னலைத் திறந்து வச்சு போட்டோ எடுங்க.

*விலை.* "பக்கத்து வீதியில 70-க்குப் போச்சாம்"ங்கிற கதையை நம்பாதீங்க. அந்த வீதியில சமீபத்துல பதிவான கிரயங்கள், வழிகாட்டி மதிப்பு, ரெண்டு புரோக்கர் சொல்ற விலை, முடிஞ்சா ஒரு மதிப்பீட்டாளர் அறிக்கை, இது நாலையும் வச்சு முடிவு பண்ணுங்க. இதுக்குக் கீழ இறங்க மாட்டோம்னு ஒரு தொகையைக் குடும்பத்துக்குள்ள முன்கூட்டியே பேசிடுங்க. அப்பா ஒண்ணு, நீங்க ஒண்ணு சொல்லக் கூடாது. புரோக்கர் கமிஷனையும் முதல்லயே பேசி முடிச்சுடுங்க.

அட்வான்ஸ் வாங்குறப்போ இந்த மூணு தப்பைப் பண்ணாதீங்க

*தப்பு 1: கேஷ்.* அசையாச் சொத்து விற்பனையில 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக் கூடாது. வருமான வரிச் சட்டம் 269எஸ்எஸ் பிரிவு. மீறினா வாங்கின தொகை எவ்வளவோ அவ்வளவும் அபராதம். பேங்க் டிரான்ஸ்ஃபர், காசோலை, டிடி மட்டும் தான்.

*தப்பு 2: பத்திரத்துல குறைச்சுக் காட்டுறது.* வாங்குறவருக்குக் கடன் குறையும். பத்திர விலையை விட வழிகாட்டி மதிப்பு 10 சதவீதத்துக்கு மேல அதிகமா இருந்தா, 50சி பிரிவின்படி அந்த மதிப்பையே உங்க விற்பனை விலையா எடுத்து வரி போடுவாங்க.

*தப்பு 3: தேதி இல்லாத ஒப்பந்தம்.* அட்வான்ஸ் எவ்வளவு, கிரயத்துக்குக் கடைசித் தேதி எது, லோன் கிடைக்கலன்னா அட்வான்ஸ் எத்தனை நாள்ல திரும்பும், ஃபேன், மோட்டார், தண்ணித் தொட்டி வீட்டோட சேர்ந்ததா, எல்லாம் எழுத்துல இருக்கணும்.

வரி: விக்கிறதுக்கு முன்னாடியே கணக்குப் போடுங்க

வீட்டை வாங்கி 24 மாசத்துக்கு மேல வச்சிருந்து வித்தா நீண்ட கால மூலதன ஆதாயம். 2024 ஜூலை 23-ல இருந்து வரி 12.5 சதவீதம், பணவீக்கச் சரிக்கட்டல் கிடையாது. ஆனா அந்தத் தேதிக்கு முன்னாடி வாங்கின வீடா இருந்து, விக்கிறவர் இந்தியாவுல வசிக்கிற தனிநபரா இருந்தா, பழைய முறைப்படி சரிக்கட்டலோட 20 சதவீதமும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம்.

உதாரணம்: 2012-13-ல 25 லட்சத்துக்கு வாங்கின வீடு, 2026 ஜனவரியில 60 லட்சத்துக்கு விக்கிறீங்க.

- புது முறை: லாபம் 35 லட்சம். அதுல 12.5 சதவீதம் = 4,37,500
- பழைய முறை: வாங்கின ஆண்டுக் குறியீடு 200, 2025-26 குறியீடு 376. சரிக்கட்டின விலை 47 லட்சம். லாபம் 13 லட்சம். 20 சதவீதம் = 2,60,000

வித்தியாசம் 1,77,500 ரூபாய். (ரெண்டுக்கும் மேல 4 சதவீத செஸ் தனி.)

இன்னும் சில முக்கியமான விஷயங்கள்:

- தாத்தா வழியில வந்த சொத்துன்னா, அவர் வாங்கின விலை தான் உங்க விலை. 2001 ஏப்ரல் 1-க்கு முன்னாடி வாங்கினதுன்னா, அன்னிக்கு இருந்த நியாயமான சந்தை மதிப்பை எடுத்துக்கலாம். இடத்துக்கு அது அன்னிக்கு இருந்த வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது.
- இன்னொரு வீடு வாங்கினா 54 பிரிவுல விலக்கு. விக்கிறதுக்கு 1 வருஷம் முன்னாடி அல்லது 2 வருஷத்துக்குள்ள வாங்கணும். கட்டுறதா இருந்தா 3 வருஷம்.
- வீடு வேண்டாம்னா, 6 மாசத்துக்குள்ள 54இசி பத்திரங்கள்ல 50 லட்சம் வரை போடலாம். ஆர்இசி, பிஎஃப்சி, ஐஆர்எஃப்சி மாதிரி நிறுவனங்கள் தருது. 5 வருஷம் எடுக்க முடியாது.
- விற்ற பணத்துல கடனை அடைச்சா வரி விலக்கு கிடையாது. நிறைய பேர் இதைத் தெரியாம முழுப் பணத்தையும் கடனுக்குக் கட்டிட்டு, வரி கட்டக் கைமாத்து வாங்குறாங்க. வரிப் பணத்தை முதல்ல தனியா எடுத்து வைங்க.
- விலை 50 லட்சமோ அதுக்கு மேலயோன்னா வாங்குறவர் 1 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார். 58 லட்சத்துக்கு 58,000. அப்பாவோட பான் கார்டு ஆதாரோட இணையாம செயலிழந்து கிடந்தா, அது 20 சதவீதம் ஆகலாம். அதாவது 11.60 லட்சம்! இன்னிக்கே போய்ப் பாருங்க.
- கூடுதல் ரூம் கட்டின செலவைக் கணக்குல சேர்க்கலாம், பில் வேணும். சாதாரணப் பெயிண்ட், ரிப்பேர் செலவைச் சேர்க்க முடியாது. புரோக்கர் கமிஷனைக் கழிக்கலாம்.

இந்தப் பிரிவு எண்கள் எல்லாம் 1961 சட்டத்தோடது. 2026 ஏப்ரல் 1-ல இருந்து புது வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறை, அதுல எண்கள் வேற. வாரிசுகள் பல பேர் இருக்கிற கேஸ்னா, கண்டிப்பா ஒரு ஆடிட்டரைப் பாருங்க.

ஒரே பார்வையில

- வாரம் 1-5: பத்திரம், இசி, பட்டா, வாரிசு, அனுமதி, வரி ரசீது, சட்டக் கருத்து
- வாரம் 6-9: தண்ணி ரிப்போர்ட், ஒழுகல், குடியிருப்பவர், இபி
- வாரம் 10-12: சின்ன ரிப்பேர், பெயிண்ட், போட்டோ, விலை
- தை 1: தயார்!

பேப்பர் வேலை 12 வாரத்துல முடியாதுன்னு தெரிஞ்சா, அவசரப்பட்டு அட்வான்ஸ் வாங்காதீங்க. பாதிப் பேப்பரோட தையில மாட்டுறதை விட, முழுப் பேப்பரோட சித்திரையில விக்கிறது மேல். எங்களுக்கு அந்த ஏழு மாசத்துல போனது மூணு லட்சம் மட்டும் இல்ல. ஒவ்வொரு மாசமும் வட்டித் தேதி வர்றப்போ அப்பா சாப்பாட்டுத் தட்டு முன்னாடி பேசாம உட்கார்ந்திருப்பார். அது எந்தக் கணக்குலயும் வராது.

இந்த வாரச் சனிக்கிழமை காலையில உங்களுக்கு ஒரு வீட்டுப் பாடம்: அப்பாவைப் பக்கத்துல உட்கார வச்சு, பட்டா யார் பேர்ல இருக்குன்னு மட்டும் பாருங்க. அந்த ஒரு பேரை வச்சே அடுத்து என்ன பண்ணணும்னு தெரிஞ்சுடும்.

விடுதலைப் பத்திரம், பட்டா மாற்றம் ரெண்டையும் படிப்படியா அடுத்த வீடியோவுல பார்க்கலாம்.